கூழ் ஆறும் வரை

கேழ்வரகை ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் மூட்டை கட்டி, அடுக்களை ஆணியில் தொங்கவிட்டால் மறுநாள் மாலைக்குள் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். இன்னும் ஒரு நாள் விட்டுவிட்டால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, துணியை அவிழ்த்தாலும் பிரியாத அடையாகிவிடும். அதை உதிர்க்கும்போது பச்சை வெள்ளரிக்காயைக் கிள்ளியது போல ஒரு வாசனை வரும். ஐரோப்பாவில் பார்லி முளைகட்டும் கூடங்களில் வேலை செய்கிறவர்களும் அந்த வாசனைக்கு வெள்ளரிக்காயைத்தான் உவமை சொல்கிறார்கள். அவர்கள் கட்டும் முளை பீருக்கு. எங்கள் வீட்டில் கட்டும் முளை குழந்தையின் கஞ்சிக்கு.

எங்கள் பக்கம் என்றால் வடமாலபேட்டை. திருப்பதியிலிருந்து புத்தூர் போகும் சாலையில் வரும். புத்தூர் எலும்புமுறிவுக் கட்டுக்குப் பேர்போனது. வடமாலபேட்டைக்கு அப்படிப் பெயர் ஒன்றும் கிடையாது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது இந்தப் பக்கம் ஆந்திரத்திலேயே தங்கிவிட்டது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. களி என்று கேட்டாலும் சங்கட்டி என்று கேட்டாலும் தட்டில் விழுவது அதே கேழ்வரகு உருண்டைதான்.

பீர் காய்ச்சக் கற்றுக்கொள்வது எப்படி என்று இணையத்தில் தேடும் இளைஞர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், இங்கேயும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது சட்டம். உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது ஆந்திரத்தில் 1968ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இந்த இரண்டாவது சட்டத்துக்கும் எங்கள் பழைய மாவட்டமான சித்தூருக்கும் உறவு உண்டு. ராஜாஜி 1937 அக்டோபரில் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது வந்து சேர்ந்த மாவட்டங்களில் ஒன்று சித்தூர். ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் குடத்தைத் தேட வேண்டாம். ஆனால் பீர் தயாரிப்பின் முதல் பாதி, உண்மையில் மூளைக்கு வேலை கொடுக்கும் பாதி, சாராயமே இல்லாதது. அதை எந்த அடுக்களையிலும் சட்டத்துக்கு உட்பட்டுச் செய்து பார்க்கலாம்.

ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளியேற்றும். பனஞ்சாற்றில் சர்க்கரை கரைந்தே இருக்கிறது. பானையைக் கட்டிவிட்டு மரத்திலிருந்து இறங்கினால் போதும், அது பாட்டுக்குப் புளித்துக் கள்ளாகும். தடுக்கத்தான் பாடுபட வேண்டும். பதநீர் வேண்டுமென்றால் பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட்டால் தலைதூக்க முடிவதில்லை. திராட்சையும் பனையைப் போலத்தான். தானியத்தின் கதை வேறு. நெல்லிலும் பார்லியிலும் கேழ்வரகிலும் இருப்பது மாவுச்சத்து. ஆயிரக்கணக்கான சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துப் பூட்டப்பட்ட கிடங்கு அது. ஈஸ்ட்டிடம் அந்தப் பூட்டுக்குச் சாவி இல்லை. சோற்றில் ஈஸ்ட்டைத் தூவினால் சோறு சோறாகவேதான் கிடக்கும்.

சாவி விதைக்குள் இருக்கிறது. விதையில் ஈரம் பட்டதும் கரு விழித்துக்கொண்டு ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. ஜிபரெலின் என்று பெயர். தானியத்தின் மேல்தோலுக்குச் சற்று உள்ளே உள்ள மெல்லிய படலம் அந்தச் செய்தி கிடைத்தவுடன் அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கத் தொடங்குகிறது. நொதி மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்கும். அது முளைக்குச் சாப்பாடு. இந்த நேரத்தில் மனிதன் குறுக்கே புகுந்து முளையைக் காயவைத்துவிடுகிறான். செடி போய்விடுகிறது, நொதி தங்கிவிடுகிறது. காய்ந்த அந்த முளைதானியத்துக்குத்தான் மால்ட் என்று பெயர். வெப்பமண்டலத் தானியங்களில் முளைகட்டினால் நல்ல அமைலேஸ் தருவதில் கேழ்வரகு முன்வரிசை. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் கேழ்வரகு முளைமாவைக் குழந்தை உணவாக்க விரிவான ஆராய்ச்சி நடந்தது. பரோடாவில் தாரா கோபால்தாஸ் இதே முளைமாவைக் கொண்டு கெட்டிக் கஞ்சியை நீர்க்க வைக்கும் முறையைப் பரப்பினார். சின்ன வயிறு உள்ள குழந்தைக்குக் கெட்டிக் கஞ்சி இறங்காது. தண்ணீர் விட்டு நீர்த்தால் சத்துப் போதாது. ஒரு கரண்டி முளைமாவு அந்தச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது.

இதை நேரில் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். அரிசிமாவிலோ கேழ்வரகு மாவிலோ கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும் அளவுக்குக் கெட்டியாகக் கஞ்சி கிண்டுங்கள். இறக்கி ஆறவிடுங்கள். அடுக்களை வெப்பமானி 65 டிகிரி செல்சியஸ் காட்டும்போது ஒரு கரண்டி முளைமாவைப் போட்டுக் கலக்குங்கள். பத்து நிமிடத்துக்குள் கரண்டி சாயும். கஞ்சி ரசம் மாதிரி ஓடும். அதே சூட்டில் மூடி வைத்து ஒரு மணி நேரம் கழித்து நாக்கில் வைத்தால், ஒரு சிட்டிகை சர்க்கரை போடாமலே இனிக்கும். தொடக்கத்தில் ஒரு சொட்டைத் தனியே தட்டில் எடுத்து டிங்க்சர் அயோடின் விட்டால் கருநீலமாகும், மாவுச்சத்து இருக்கிறது என்று பொருள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எடுத்த சொட்டு நிறம் மாறாமல் இருந்தால் வேலை முடிந்தது. (தட்டில் விட்டதைக் கொட்டிவிடுங்கள், குடிக்காதீர்கள்.) வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் இன்றும் இதே அயோடின் சோதனையைத்தான் செய்கிறார்கள். கடையில் ராகி மால்ட் வாங்கி இதைச் செய்து ஏமாந்தால் என்னைத் திட்டக் கூடாது. சாதாரணக் கேழ்வரகு மாவுக் கஞ்சியையும் இப்போது ராகி மால்ட் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். முளைகட்டிய மாவாகவே இருந்தாலும் மணத்துக்காக நன்றாக வறுத்திருந்தால் நொதி செத்திருக்கும்.

ஏன் 65 டிகிரி? முளையில் இரண்டு வகை அமைலேஸ் வேலை செய்கின்றன. ஒன்று சங்கிலியை நடுவில் எங்கு வேண்டுமானாலும் துண்டாக்கும். கஞ்சியை ஓட வைப்பது அதுதான். அது 70 டிகிரி வரை தாங்கும். இன்னொன்று நுனியிலிருந்து இரண்டிரண்டு மூலக்கூறாகக் கிள்ளியெடுக்கும். இனிப்பைத் தருவது அது. 65ஐத் தாண்டினால் துவண்டுபோகும். 80 டிகிரிக்கு மேல் இரண்டுமே அழிந்துவிடும். ஆனால் அரிசியின் மாவுச்சத்தும் கேழ்வரகின் மாவுச்சத்தும் முழுக்க வெந்து இளகுவதற்குக் கொதிக்கும் சூடு வேண்டும். பார்லிக்கு இந்தத் தொல்லை கிடையாது. நொதி உயிரோடிருக்கும் சூட்டிலேயே அதன் மாவு இளகிவிடும். பார்லி பீரின் தானியமானதற்கு இந்தச் சௌகரியம் ஒரு பெரிய காரணம். அரிசிக்காரன் இரண்டு வேலை செய்தாக வேண்டும்: முதலில் வேகவை, பிறகு ஆறவிட்டு முளையைச் சேர். அமெரிக்காவில் அரிசி சேர்த்து பீர் தயாரிக்கும் பெரிய ஆலைகள்கூட அரிசியைத் தனிக் கொப்பரையில் வேகவைத்துத்தான் பார்லி மால்ட்டோடு கலக்கின்றன.

இந்த வரிசையை, வேகவை, ஆறவை, முளையைச் சேர் என்ற அதே வரிசையை, தமிழ்ப் புலவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாட்டு பெரும்பாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்று, உ.வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். பாட்டுடைத் தலைவன் காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். அகநானூற்றுப் பாட்டொன்று வேங்கடமலையைத் திரையனுடைய மலை என்றே சொல்கிறது. எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் வேங்கடத்தின் மலைத்தொடர் தெரியும். அந்த உரிமையில் அந்தப் பாட்டை எங்கள் ஊர்ச் சமையல் குறிப்பாகவே நான் படிப்பேன்.

பரிசில் தேடிப் போகும் பாணனுக்கு வழியில் எங்கெங்கே என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே வருகிறது பாட்டு. வலைஞர் குடியிருப்பு வரும்போது அவர்கள் தரப்போகும் பானத்தின் செய்முறையையே கொடுத்துவிடுகிறது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்க வேண்டும். அகன்ற வாயுள்ள தட்டில் பரப்பி ஆற்ற வேண்டும். முளைநெல்லால் ஆன அடையை அதில் அளைய வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய வேண்டும். வலிய வாயுள்ள சாடியில் பச்சை வாடை போகும்வரை முற்ற வேண்டும். வெந்நீர் விட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து, வடித்துக்கொள்ள வேண்டும். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன். சில அடிகளுக்குள் இத்தனையும்.

இதை இலக்கியமாகப் படிக்கும்போது கண்ணில் படாத ஒன்று அடுப்பங்கரையிலிருந்து படிக்கும்போது படுகிறது. அகன்ற தட்டு எதற்கு? சாடியிலேயே ஆறவிட்டால் என்ன? கெட்டிக் கூழ் சாடிக்குள் ஆற அரை நாளாகும். நடுவில் கொதிசூடு அப்படியே இருக்க, ஓரம் மட்டும் ஆறியிருக்கும். அவசரப்பட்டு முளையைப் போட்டால் நடுவில் விழுந்த நொதி வெந்து வீணாகும். தாமதித்தால் வேண்டாத பாக்டீரியா குடியேறிவிடும். பரப்பினால் சீக்கிரமும் ஆறும், எல்லா இடமும் ஒன்றுபோலவும் ஆறும். இன்றைக்கு வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் பலரும் கொதித்த சாற்றைச் சீக்கிரம் ஆற்றுவதற்கு என்று தனியாகச் செம்புக்குழாய்ச் சுருளோ பனிக்கட்டித் தொட்டியோ வைத்திருக்கிறார்கள். வலைஞர் வீட்டில் அதற்கு ஒரு தட்டு. தீட்டாத அரிசிக்கும் காரணம் உண்டு. தவிட்டில் உள்ள புரதமும் வைட்டமின்களும் ஈஸ்ட்டுக்கு உரம். வெறும் வெள்ளை அரிசியில் ஈஸ்ட் சவலைப்பிள்ளை போலத்தான் வளரும்.

அந்தப் பாட்டிலேயே இன்னோர் இடத்தில் வீட்டில் அட்ட கள் குடிப்பவர்கள் வருகிறார்கள். அடு என்ற அந்த வினை எனக்குப் பிடிக்கும். அடுப்பும் அடுக்களையும் அதிலிருந்து வந்தவை. சாராயத்தைக் காய்ச்சுகிறோம், பதநீரை இறக்குகிறோம், இந்தத் தானியக் கள்ளை மட்டும் சோறு போல அடுகிறோம்.

ஒன்றுதான் பாட்டில் இல்லை. ஈஸ்ட்டைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. இருக்கவும் முடியாது. புளிப்பேறுவது உயிர்களின் வேலை என்பது 1857இல் பாஸ்ச்சர் காட்டிய பிறகுதான் பரவலாக ஏற்கப்பட்டது. 1883இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து கலப்பில்லாத பரம்பரை ஒன்றை வளர்த்தார். அதுவரை நல்ல பீரும் கெட்ட பீரும் ஜோசியம் மாதிரிதான். இதே ஆய்வுக்கூடத்தில்தான் 1909இல் சோரன்சன் அமில அளவைக் குறிக்கும் பி.எச். என்ற அளவுகோலை வகுத்தார். வயலில் மண் பரிசோதனைச் சீட்டு வாங்கும் விவசாயி அதில் பார்ப்பது பீர் ஆலை பெற்ற பிள்ளையை. வலைஞர் வீட்டு ஈஸ்ட் எங்கிருந்து வந்திருக்கும்? போன தடவை கழுவியும் சாடியின் மண்துளைகளில் தங்கியதிலிருந்து, முளையின் உமியிலிருந்து, கலக்கிய விரலிலிருந்து. நம் வீட்டு இட்லி மாவை யாரும் விதை போட்டுப் புளிக்க வைப்பதில்லையே.

இட்லி மாவும் கூழும் பீராகாமல் போவதற்கும் பதில் இங்கேதான். ஆடி மாதம் அம்மன் கோயிலில் வார்க்கும் கூழில் புளிப்பு வேண்டும். கேழ்வரகு மாவைக் கரைத்து இரவெல்லாம் வைக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியா முந்திக்கொள்கிறது. முளை இல்லாததால் ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை குறைவு. பீர்க்காரன் இந்த ஆட்டத்தைத் திருப்பிப் போடுகிறான். முளையால் சர்க்கரையைப் பெருக்கி, கொதிக்கவைத்துப் பாக்டீரியாவைக் கொன்று, வளர்த்து வைத்த ஈஸ்ட்டைக் கூட்டமாக இறக்குகிறான். காவலுக்கு ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. அதன் பிசினில் உள்ள அமிலங்கள் கொதிக்கும்போது உருமாறிக் கசப்பாகின்றன. அந்தக் கசப்பு லாக்டிக் பாக்டீரியாவுக்கு ஆகாது, ஈஸ்ட்டை ஒன்றும் செய்யாது. பீர் கசப்பது சுவைக்காக என்று நினைத்திருந்தேன். வேப்பிலை கட்டிக் காவல் வைப்பது போல என்று பிறகுதான் புரிந்தது.

லண்டனிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர்களுக்குச் சட்டத் தடை இல்லை. பிரிட்டனில் 1963இலிருந்து சொந்த உபயோகத்துக்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்கக் கூட்டரசு 1978இல் சட்டம் இயற்றி மறு ஆண்டு அனுமதித்தது. அங்கே முதல்முறை செய்கிறவருக்கு நாலரை லிட்டர் போதும். நொறுக்கிய பார்லி மால்ட் ஒரு கிலோ, 66 டிகிரி தண்ணீரில் ஒரு மணி நேரம், வடித்து ஒரு மணி நேரம் சில கிராம் ஹாப்ஸோடு கொதி, 20 டிகிரிக்கு ஆற்று, ஈஸ்ட் போட்டுக் காற்றுப்பூட்டு மாட்டு, இரண்டு வாரம். அடர்த்தியைப் பார்க்க மிதவைமானி வேண்டும். பால் சொசைட்டியில் லாக்டோமீட்டரைப் பார்த்து வளர்ந்த சித்தூர்க்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சர்க்கரை கரைந்திருந்தால் குழாய் மிதக்கும், சாராயமானால் அமிழும். முதலில் 1.046, முடிவில் 1.010 என்றால் வித்தியாசத்தை 131 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 4.7 சதவீதம். இரண்டு நாள் அதே எண் மாறாமல் நின்ற பிறகுதான் புட்டியில் அடைக்க வேண்டும். லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்த்தால் நுரை வரும். அளவு மிஞ்சினாலோ புளிப்பு முடியுமுன் அடைத்தாலோ புட்டி வெடிக்கும், கண்ணாடித் துண்டு கண்ணுக்கும் பாயும். மற்ற பிழைகளெல்லாம் ருசியோடு போய்விடும்.

சூடு பொல்லாதது. மே மாதம் வடமாலபேட்டையில் 40 டிகிரியைத் தாண்டும். சாதாரண பீர் ஈஸ்ட்டுக்கு 20 போதும். அதிகச் சூட்டில் அது கனமான சாராயங்களை உண்டாக்கி வார்னிஷ் நெடி வீசும், மறுநாள் தலை பிளக்கும் என்பார்கள். வெள்ளைக்காரன் பீர் ஆலைகளைக் கசௌலியிலும் நீலகிரியிலும் மலையேறிக் கட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். நார்வே கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த க்வெய்க் என்ற ஈஸ்ட் 35 டிகிரியிலும் நெடியில்லாமல் வேலை செய்யும். பனிநாட்டு ஈஸ்ட் நம் வெயிலுக்குப் பொருந்துவது வேடிக்கைதான்.

கள்ளக்குறிச்சியை நினைக்காமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 2024 ஜூனில் அங்கே அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால். அது தானியம் புளித்து வந்த பொருள் கிடையாது. தொழிற்சாலை ரசாயனத்தைச் சாராயத்தில் கலந்தார்கள். முளைகட்டிய தானியத்தை ஈஸ்ட் புளிக்கவைக்கும்போது ஆபத்தான அளவில் மெத்தனால் உண்டாவதில்லை.

பாட்டில் எனக்கு இன்னும் தீராத ஓரிடம் இருக்கிறது. முளை அடைக்குப் புலவர் சொல்லும் உவமை, பாம்பு குடியிருக்கும் புற்றுக்குள் இருக்கும் குரும்பி. நாம் புற்றாஞ்சோறு என்கிறோம். துளை துளையான அந்த அடை, கறையான் பூஞ்சை வளர்க்கும் தோட்டம். அடையின் புறத்தைப் பூ என்ற சொல்லால் சிறப்பிக்கிறார் புலவர்; பொலிவு என்று பொருள் கொள்வது வழக்கம். ஆனால் ஊறுகாயில் பூஞ்சணம் பிடித்தால் பூத்துவிட்டது என்றுதானே சொல்கிறோம்? சிக்கிமில் இதே கேழ்வரகை வேகவைத்து, பாயில் பரப்பி ஆற்றி, மார்ச்சா என்ற மாவு வில்லையைப் பொடித்துத் தூவிப் புளிக்கவைக்கிறார்கள். அங்கே முளைக்கு வேலையே இல்லை. வில்லையில் வளர்த்த பூஞ்சைதான் மாவை இனிப்பாக்குகிறது. தோங்பா என்ற அந்தப் பானத்துக்கும் கடைசியில் வெந்நீர் ஊற்றுகிறார்கள். வலைஞர் வீட்டு அடையும் வெறும் முளையா, பூஞ்சை பூத்த முளையா? உரைகாரர் முளை என்கிறார். என் மனம் சில நாள் அவர் பக்கம், சில நாள் எதிர்ப்பக்கம்.

போன வாரம் கேழ்வரகு மூட்டையை அவிழ்த்து, உதிர்க்காமல், வேர் பின்னிய அடையைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். பொடித் தானியம், துளை ஒன்றும் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. இப்போது நெல்லைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இன்று மூன்றாம் நாள். துணிக்கு வெளியே வேர் வந்துவிட்டது.